புற்றுநோய் பேத்தாலஜி அறிக்கையைக் கணினிக்கும் புரியும்படி அனுப்புவது எப்படி?

"இடது மார்பகத்திலிருந்து அகற்றிய திசுவில் சுமார் 2.3 செ.மீ. அளவுள்ள ஊடுருவும் புற்றுக்கட்டி காணப்படுகிறது. வெட்டு விளிம்புகளில் கட்டி இல்லை. ஆனால் ஆழ விளிம்புக்கு மிக அருகில் உள்ளது. அனுப்பிய நிணநீர்க்கணுக்கள் சிலவற்றில் புற்று பரவியுள்ளது."

இந்த அறிக்கையில் தவறு ஒன்றும் இல்லை. படிக்கும் மருத்துவருக்கு ஓரளவு புரியவும் செய்யும். ஆனால் மிக அருகில் என்றால் எத்தனை மில்லிமீட்டர்? எத்தனை கணுக்களைப் பார்த்தார்கள், அவற்றில் எத்தனையில் புற்று இருந்தது? கிரேடு, அதாவது செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்ற தரம் என்ன? இதற்கெல்லாம் விடை தேடி அறுவை மருத்துவர், திசுவைச் சோதித்து அறிக்கை எழுதிய பேத்தாலஜிஸ்டுக்குப் போன் செய்வார். ஒரு பகுதியின் புற்றுநோய் விவரங்களைத் தொகுக்கும் புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலை பார்ப்பவர் அதே அறிக்கையை வரிவரியாகப் படித்துத் தன் திரையிலுள்ள கட்டங்களில் மறுபடி தட்டச்சு செய்வார். சில வருடம் கழித்து ஓர் ஆய்வுக்காக வேறொருவர் அதையே திரும்பத் தோண்டுவார். தகவல் ஒன்றுதான்; ஆளுக்கு ஆள் புரிந்துகொள்வது வேறு.

தரப்படுத்திய மின்னணு அறிக்கை இதைத் தவிர்ப்பதற்கான ஏற்பாடு. பேத்தாலஜிஸ்ட் ஒரு பதிலை ஒரே ஒரு முறை பதிகிறார். அது கடைசியாகப் போய்ச் சேரும் இடம் வரை யாரும் அதைத் திரும்பத் தட்டச்சு செய்யக் கூடாது, அதற்கு என்ன அர்த்தமாக இருக்கும் என்று யோசிக்கவும் கூடாது. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த உரைகல்லில் உரசிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலை புதிதாகத் தலையில் விழுந்திருக்கும் இளம் பேத்தாலஜிஸ்ட், ஆய்வக மென்பொருளைக் கவனிக்கும் ஐ.டி. ஆள், பதிவேட்டில் தரவை வாங்கிக்கொள்பவர் ஆகிய மூவரையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். மூவரும் ஒரே மேசையில் உட்காராமல் இது நடக்கவும் நடக்காது.

இப்போது எங்கே நிற்கிறீர்கள்?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்த மாற்றத்தைப் பெரிய அளவில் செய்தபோது அறிக்கைகளை ஆறு நிலைகளாகப் பிரித்தார்கள். இன்றும் பயன்படும் அளவுகோல் அது. முதல் நிலை, மேலே பார்த்தது போன்ற பத்தி அறிக்கை. இரண்டாவதில் பத்திதான், ஆனால் கட்டாயத் தகவல் எல்லாம் அதற்குள் இருக்கும். மூன்றாவதில் அது கேள்வி–பதில் வரிசையாக மாறும். இதைத்தான் சினாப்டிக் அறிக்கை என்கிறோம். நான்காவதில் பதிலைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் டிராப்டவுன் வைத்த மென்பொருள் வந்துவிடும். ஐந்தாவதில் ஒவ்வொரு பதிலும் தரவுத்தளத்தில் தனித்தனிப் புலமாகச் சேமிக்கப்படும். ஆறாவதில் அந்தப் பதில்களுக்கு ஸ்னோமெட் சிடி போன்ற பொதுக் குறியீடும் சேரும்.

நான்காம் நிலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். திரையில் அழகான டிராப்டவுன் இருக்கும், அறிக்கையும் வரிசையாக அச்சாகும். உள்ளே போய்ப் பார்த்தால் மொத்தமும் ஒரே நீளமான உரையாகச் சேமிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. உங்கள் ஐ.டி. ஆளிடம், "போன வருடம் வந்த பெருங்குடல் அறிக்கைகளில், பார்த்த நிணநீர்க்கணுக்கள் 12-க்குக் குறைவாக உள்ளவற்றை மட்டும் எடுத்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒரு வினவலில் பட்டியல் வந்தால் ஐந்தாம் நிலை. "ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்" என்றால், டிராப்டவுன் இருந்தாலும் நீங்கள் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறீர்கள்.

கேள்விகளை நீங்களே உருவாக்காதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நம் மருத்துவமனைக்கு ஏற்றபடி நாமே ஒரு படிவம் போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்புவார்கள். வேண்டாம். வேறு யாருடைய தரவோடும் ஒப்பிட முடியாத படிவம் அது.

அமெரிக்க பேத்தாலஜிஸ்டுகள் கல்லூரி, அதாவது சிஏபி, 1980களிலிருந்தே புற்றுநோய் வகைவாரியாகக் கேள்விப் பட்டியல்களைத் தயாரித்து வருகிறது. அவற்றைப் படிக்கக் கட்டணம் இல்லை. கூட்டல் குறியிட்ட கேள்விகள் விருப்பத்துக்கு உரியவை. குறி இல்லாதவை கட்டாயம். அதே பட்டியல்களைக் கணினி நேரடியாகப் படிக்கும் எக்ஸ்எம்எல் வடிவிலும் அந்தக் கல்லூரி தருகிறது. இசிபி (முன்பு இசிசி) என்று அழைக்கப்படும் அந்த மின்னணுப் பட்டியலுக்கு உரிமம் வாங்க வேண்டும். இன்னொன்று ஐசிசிஆர் என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு. ஆஸ்திரேலியா–நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் பேத்தாலஜி அமைப்புகள் 2011-ல் சேர்ந்து தொடங்கியது. அதன் தரவுத்தொகுப்புகள் இலவசம். அங்கேயும் கேள்விகள் முதன்மையானவை, முதன்மை அல்லாதவை என்று பிரிக்கப்பட்டிருக்கும்.

எதை எடுப்பது? உங்கள் பதிவேடு எதைக் கேட்கிறதோ அதை. பதிவேடு எதையும் வற்புறுத்தவில்லை, கையில் பணமும் இல்லை என்றால் ஐசிசிஆர் நல்ல தொடக்கம். எதை எடுத்தாலும் கேள்வியின் வாசகத்தை மாற்றாதீர்கள், பதில் தேர்வுகளை இணைக்காதீர்கள். கூடுதலாக உங்களுக்கு ஏதாவது தேவைப்பட்டால் அதற்குத் தனிப் பகுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புற்றுநோய், அதிலும் பெரிய மாதிரி

மார்பகப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்பதால் பலரும் அதிலிருந்து தொடங்க நினைப்பார்கள். என்னைக் கேட்டால் அது கடினமான வாசல். ஒரே நோயாளிக்குப் பல மாதிரிகள் வரும், ஒரே மார்பகத்தில் இரண்டு மூன்று கட்டிகள் இருக்கலாம், ஹார்மோன் ஏற்பிச் சோதனைகளின் முடிவு தாமதமாக வரும், அறுவைக்கு முன்பே மருந்துச் சிகிச்சை நடந்திருக்கும். மென்பொருளின் எல்லாப் பலவீனமும் முதல் வாரத்திலேயே வெளியே வந்துவிடும், குழுவும் சோர்ந்துபோகும்.

பெருங்குடல் அறுவை மாதிரி எளிது. பெரும்பாலும் ஒரு துண்டு, ஒரு கட்டி, தெளிவான எண்ணிக்கைகள். முதலில் அகற்றல் அறுவைகளை மட்டும் எடுங்கள். சிறு பயாப்சிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அவற்றில் பாதிக் கேள்விகளுக்குப் பதிலே இருக்காது.

அறிக்கையின் சினாப்டிக் பகுதி சுருக்கமாக இப்படி அமையும்:

அறுவை முறை: வலப்பக்கப் பெருங்குடல் அகற்றல்
கட்டியின் இடம்: ஏறு பெருங்குடல்
திசு வகை: அடினோகார்சினோமா
கிரேடு: 2
கட்டியின் பெரிய அளவு: 42 மி.மீ.
ஊடுருவல்: தசை அடுக்கைத் தாண்டிச் சுற்றுத் திசு வரை
விளிம்புகள்: எல்லா விளிம்பிலும் கட்டி இல்லை
பார்த்த நிணநீர்க்கணுக்கள்: 18
புற்றுள்ள நிணநீர்க்கணுக்கள்: 2
கட்டிப் படிவுகள்: இல்லை
நிலை: பிடி3 பிஎன்1பி

கட்டிப் படிவு என்பது கணுவுக்கு வெளியே சுற்றுத் திசுவில் தனியாக இருக்கும் புற்றுத் திட்டு. கடைசி வரி புற்றுநோயின் நிலை: பிடி கட்டியைப் பற்றியது, பிஎன் கணுக்களைப் பற்றியது. சிஏபி விதிப்படி, நிலை போன்ற சில விதிவிலக்குகள் தவிர, ஒரு வரியில் ஒரு கேள்வியும் அதன் பதிலும் மட்டும்தான் வர வேண்டும். எல்லா வரிகளும் அறிக்கையில் ஒரே இடத்தில் சேர்ந்து இருக்க வேண்டும். கட்டாயக் கேள்வி எதையும், பொருந்தாது என்பதுதான் பதில் என்றாலும், விட்டுவிடக் கூடாது. பார்க்க எளிமையாகத் தெரியும். சிக்கல் எல்லாம் அடுத்த பகுதியில்.

பதிலை எப்படிப் பிடிப்பது

வெற்றிடத்தில் ஆரம்பிப்போம். "நிணநீர் நாளங்களுக்குள் ஊடுருவல்" என்ற கேள்விக்கு எதிரே ஒன்றும் இல்லை என்றால் என்ன பொருள்? ஊடுருவல் இல்லையா, பார்க்கவில்லையா, பார்த்தும் தீர்மானிக்க முடியவில்லையா, சோதனை இன்னும் முடியவில்லையா? நான்கும் வேறு வேறு. நான்குக்கும் தனித் தேர்வு இருக்க வேண்டும். கணுக்களிலும் இதே கதை. கணுவே அனுப்பவில்லை என்றாலும் புற்றுள்ள கணுக்கள் 0. பதினெட்டைப் பார்த்து எதிலும் இல்லை என்றாலும் 0. முதலாமவருக்குக் கணு நிலை ஒதுக்கவே முடியாது, இரண்டாமவர் பிஎன்0. எனவே பார்த்த எண்ணிக்கையும் புற்றுள்ள எண்ணிக்கையும் எப்போதும் ஜோடியாகப் போக வேண்டும். முதல் எண் இல்லாமல் இரண்டாவதை மென்பொருள் ஏற்கவே கூடாது.

முன்கூட்டியே நிரப்பி வைக்கும் பதில்கள் ஆபத்தானவை. முக்கால்வாசி நேரம் விளிம்பில் கட்டி இருக்காது, அதனால் அதையே இயல்பாக வைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். யாரும் தொடாமல் தானாக வந்த "கட்டி இல்லை"யும், ஸ்லைடைப் பார்த்துச் சொன்ன "கட்டி இல்லை"யும் தரவுத்தளத்தில் ஒரே மாதிரிதான் தெரியும்.

எண்களை எண் புலத்தில் மட்டும் வாங்குங்கள். அலகு தனியாக இருக்கட்டும், எங்கும் ஒரே அலகாக இருக்கட்டும். மில்லிமீட்டர்தான் என் பரிந்துரை. செ.மீ.யையும் மி.மீ.யையும் கலந்தால் 2.3 என்பது சிறு புள்ளியா பெரிய கட்டியா என்று தெரியாமல் போகும். மார்பகக் கட்டியில் 20 மி.மீ. தாண்டினால் பிடி1 பிடி2 ஆகிவிடுகிறது. இதில் விளையாட இடம் இல்லை. "சுமார்", "குறைந்தபட்சம்" என்று சொல்ல வேண்டிய நேரம் நிஜமாகவே வரும், உதாரணமாக மாதிரி துண்டு துண்டாக வந்திருந்தால். அதற்கு எண்ணின் பக்கத்தில் ஒரு தனித் தேர்வு வையுங்கள். எண் புலத்துக்குள் எழுத்தை அனுமதித்தால் எல்லாம் போச்சு.

கூட்டுத்தொகையை மட்டும் சேமித்துப் பாகங்களை எறிந்துவிடுவதும் அடிக்கடி நடக்கும். புராஸ்டேட் புற்றின் கிரேடைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண்ணை 7 என்று மட்டும் வைத்தால் அது 3+4-ஆ, 4+3-ஆ? முதலாவது கிரேடு குழு 2, இரண்டாவது கிரேடு குழு 3. சிகிச்சை முடிவே மாறக்கூடிய வேறுபாடு. மார்பகத்தின் நாட்டிங்ஹாம் கிரேடுக்கும் குழாய் அமைப்பு, உட்கரு, செல் பிரிவு என மூன்று மதிப்பெண்களையும் தனித்தனியாக வாங்குங்கள். கூட்டுவது கணினியின் வேலை. 3 முதல் 5 வரை கிரேடு 1, 6–7 என்றால் கிரேடு 2, 8–9 என்றால் கிரேடு 3.

அடுத்தது மறைந்திருக்கும் பதில், கண்ணில் படாத ஒரு பிழை. விளிம்பில் கட்டி இருக்கிறது என்று தேர்ந்தெடுத்தால் எந்த விளிம்பு என்ற துணைக்கேள்வி திறக்கும். பேத்தாலஜிஸ்ட் ஆழ விளிம்பைத் தேர்வு செய்கிறார். பிறகு கூடுதல் வெட்டுகளைப் பார்த்துவிட்டு, கட்டி இல்லை என்று மேல்கேள்வியை மாற்றுகிறார். திரையில் துணைக்கேள்வி மறைந்துவிடும். ஆனால் சில மென்பொருள்களில் "ஆழ விளிம்பு" என்ற பழைய பதில் உள்ளே அப்படியே தங்கி, செய்தியில் வெளியே போய்விடும். மேல்கேள்வி மாறினால் துணைப் பதில்கள் அழிய வேண்டும். வாங்கும்போதே இதைச் சோதித்துவிடுங்கள்.

"மற்றவை" என்ற தேர்வு இல்லாமல் முடியாது. உடல் எந்தப் படிவத்துக்கும் கட்டுப்படாது. ஆனால் அதில் என்னென்ன எழுதப்படுகிறது என்று மாதம் ஒருமுறை படியுங்கள். பட்டியலிலேயே இருக்கும் ஒன்றைத் திரும்பத் திரும்ப அங்கே எழுதுகிறார்கள் என்றால் தேர்வுகளின் வரிசையோ பெயரோ குழப்புகிறது.

பத்தியாக எழுதும் குறிப்புக்கும் இடம் விட வேண்டும். சந்தேகம், மாற்று நோயறிதல், சக பேத்தாலஜிஸ்டின் கருத்து இதெல்லாம் கட்டத்துக்குள் அடங்காது. ஒரே நிபந்தனை: கட்டத்தில் சொன்னதற்கு முரணாகக் குறிப்பு போகக் கூடாது. புலத்தில் "விளிம்பில் கட்டி இல்லை", குறிப்பில் "நான்காம் பிளாக்கில் விளிம்பைத் தொடுகிறது" என்று இருந்தால் மருத்துவர் குறிப்பைப் படிப்பார், பதிவேடு புலத்தைப் படிக்கும். ஒரே நோயாளிக்கு இரண்டு உண்மைகள் உருவாகிவிடும்.

கணக்கைக் கணினி போடட்டும், கையெழுத்து மருத்துவருடையது

பதில்கள் தனித்தனியாக இருந்தால் புற்றுநோயின் நிலையை மென்பொருளே பரிந்துரைக்கலாம். பெருங்குடலில் ஒரு கணு என்றால் பிஎன்1ஏ, இரண்டு மூன்று என்றால் பிஎன்1பி, நான்கு முதல் ஆறு வரை பிஎன்2ஏ, ஏழும் அதற்கு மேலும் பிஎன்2பி. கணுவில் இல்லாமல் கட்டிப் படிவு மட்டும் இருந்தால் பிஎன்1சி. பரிந்துரையைக் காட்டுங்கள், ஆனால் பேத்தாலஜிஸ்ட் அதை ஒப்புக்கொண்டால்தான் பதிவாக வேண்டும்.

இதைவிடப் பயனுள்ளது முரண்பாட்டு எச்சரிக்கை. புற்றுள்ள கணுக்கள் பார்த்த கணுக்களைவிட அதிகமாக இருப்பது, ஊடுருவல் தசை அடுக்கோடு நிற்கிறது என்று சொல்லிவிட்டு பிடி3 போடுவது, மாதிரிக் குறிப்பில் இடது என்றும் அறிக்கையில் வலது என்றும் இருப்பது போன்றவற்றைக் கையெழுத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். அதே சமயம், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு எச்சரிக்கை வைத்தால் ஒரு வாரத்தில் எல்லாரும் படிக்காமலே "சரி" அழுத்தப் பழகிவிடுவார்கள். ஐந்தாறு போதும்.

நிலையோடு சேரும் எழுத்துகளை மறக்க வேண்டாம். அறுவைக்கு முன் மருந்தோ கதிர்வீச்சோ தரப்பட்டிருந்தால் ஒய், மீண்டும் வந்த கட்டி என்றால் ஆர், ஒரே உறுப்பில் பல முதன்மைக் கட்டிகள் என்றால் எம். தொலைவிடப் பரவல் திசுவில் உறுதியானால் மட்டுமே பிஎம்1 எழுதலாம். பிஎம்0 என்று ஒன்று கிடையாது, தேர்விலும் அதை வைக்காதீர்கள்.

நிலையுடன் எந்தப் பதிப்பு என்பதையும் சேமியுங்கள். புற்றுநோய் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக்குழுவான ஏஜேசிசியின் எட்டாம் பதிப்பு அமெரிக்காவில் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு முழுப் புத்தகமாக இல்லாமல், 2021-ல் கருப்பைவாய்ப் புற்றுநோயில் தொடங்கி, ஒவ்வொரு புற்றுநோய்க்கும் தனித்தனியாக ஒன்பதாம் பதிப்பு வரத் தொடங்கியது. ஆகவே ஒரே ஆய்வகத்தில், ஒரே நாளில் இரண்டு பதிப்புகள் புழங்கும். பதிப்பு எண் இல்லாத பிடி2 அரைத் தகவல்.

குறியீடுகள்

இதில் புதியவர்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். ஒவ்வொரு குறியீட்டுத் தொகுதிக்கும் ஒரு வேலை உண்டு. லாய்ங்க் பொதுவாகக் கேள்வியை அடையாளம் காட்டும். ஸ்னோமெட் சிடி பதிலைக் காட்டும். யுசியுஎம் அலகைச் சொல்லும். பதிவேடுகள் கேட்பது ஐசிடி-ஓ: கட்டி இருக்கும் இடத்துக்கு ஒன்று, திசு வகைக்கு ஒன்று. ஏறு பெருங்குடல் சி18.2, அடினோகார்சினோமா 8140/3. சாய்கோட்டுக்குப் பின் வரும் இலக்கம் கட்டியின் குணத்தைச் சொல்கிறது. மார்பக நாளக் கார்சினோமா ஊடுருவியிருந்தால் 8500/3, நாளத்துக்குள்ளேயே நின்றிருந்தால் 8500/2. அந்த ஒற்றை இலக்கம் நழுவினால் பதிவேட்டின் எண்ணிக்கையே பொய்யாகும்.

என் ஆலோசனை: எடுத்துக்கொண்ட கேள்விப் பட்டியலில் ஒவ்வொரு கேள்விக்கும் பதிலுக்கும் நிரந்தர அடையாள எண் இருந்தால் அதையே அடிப்படையாகச் சேமியுங்கள். மற்றக் குறியீடுகளை ஒரு இணைப்பு அட்டவணை வழியாகச் சேருங்கள். குறியீடுகள் புதுப்பிக்கப்படும்போது அட்டவணையை மட்டும் திருத்தினால் போதும். அந்த அட்டவணையை ஐ.டி. ஆள் தயாரிக்கலாம், ஆனால் ஒரு பேத்தாலஜிஸ்ட் வரி வரியாகப் படித்து ஒப்புதல் தர வேண்டும். பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக இணைத்த குறியீடுகள்தான் பின்னால் மானத்தை வாங்கும். ஸ்னோமெட் சிடிக்கு உங்கள் நாட்டில் உரிமம் உண்டா என்பதையும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். லாய்ங்க் இலவசம்.

செய்தியாக அனுப்புதல்

ஆய்வகத்திலிருந்து பதிவேட்டுக்குப் போகும் பாதையில் இன்றும் அதிகம் ஓடுவது, மருத்துவக் கணினிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும் தரமான எச்எல்7-ன் இரண்டாம் தலைமுறைச் செய்திதான். வட அமெரிக்காவில் புற்றுநோய்ப் பதிவேடுகளின் கூட்டமைப்பான நாக்கர் இதற்கென்று தனி வழிகாட்டித் தொகுதியே வைத்திருக்கிறது, பதிப்பு 2.5.1-ஐ ஒட்டியது. ஓஆர்யு என்ற வகைச் செய்தியில் எம்எஸ்எச் வரி யாரிடமிருந்து யாருக்கு என்பதைச் சொல்லும், பிஐடி நோயாளியை, ஓபிஆர் அறிக்கையை, எஸ்பிஎம் மாதிரியைச் சொல்லும். இவற்றோடு வரிசையாக ஓபிஎக்ஸ் வரிகள். ஒரு ஓபிஎக்ஸ், ஒரு கேள்வி, ஒரு பதில்.

ஓபிஎக்ஸின் உள்ளே கவனிக்க வேண்டியவை இவை. இரண்டாம் புலம் பதிலின் வகை: எண்ணா, குறியீடா, உரையா. மூன்றாம் புலம் கேள்வி. நான்காவது துணை அடையாளம். இரண்டு கட்டிகள் இருந்தால் எந்த அளவு எந்தக் கட்டிக்கு உரியது என்று பிரித்துக் காட்டுவது இதுதான். இதைக் காலியாக விட்டால் முதல் கட்டியின் அளவும் இரண்டாம் கட்டியின் கிரேடும் கைகோத்துக்கொள்ளும். ஐந்தாவது பதில், ஆறாவது அலகு. பதினொன்றாவது நிலவரம்: இறுதியானதா, தற்காலிகமா, திருத்தமா.

பிரித்த பதில்களை மட்டும் அனுப்பாமல் முழு அறிக்கையின் உரையையும் அதே செய்தியில் சேர்த்து அனுப்புங்கள். பதிவேட்டில் ஒரு சந்தேகம் வந்தால் மனிதர் படிக்க அது வேண்டும்.

எஃப்எச்ஐஆர் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எச்எல்7 அமைப்பின் புதிய தலைமுறைத் தரம். இணையச் சேவைகளோடு எளிதாகப் பேசும். முழுப் படிவத்தையே கணினிகளுக்கிடையே பரிமாறிக்கொள்ள ஐஎச்இ அமைப்பின் எஸ்டிசி முறையும் இருக்கிறது. புதிதாக எல்லாவற்றையும் கட்டுகிறீர்கள் என்றால் இவற்றைப் பாருங்கள். ஆனால் பெற்றுக்கொள்ளும் பதிவேடு எதைப் படிக்கும் என்பதுதான் தீர்மானிக்கும். கேள்வியும் பதிலும் ஐந்தாம் நிலையில் ஒழுங்காக இருந்தால் செய்தியின் உருவை மாற்றுவது சில வார வேலை. அங்கே ஒழுங்கு இல்லை என்றால் எந்தப் புதிய தரமும் காப்பாற்றாது.

பிறகு வரும் முடிவுகளும் திருத்தங்களும்

அறிக்கை ஒரு முறை கையெழுத்தானதும் கதை முடிந்துவிடுவதில்லை. மார்பகப் புற்றில் ஈஆர், பிஆர் என்ற ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்2 என்ற புரதம் ஆகியவற்றின் சோதனை முடிவுகள் சில நாள் கழித்து வரும். மரபணுச் சோதனை வெளி ஆய்வகத்திலிருந்து வாரக்கணக்கில் கழித்து வரும். இவை கூடுதல் அறிக்கைகள். முதல் அறிக்கை தவறு என்று பொருள் இல்லை. திருத்த அறிக்கை வேறு: ஏற்கெனவே சொன்னது மாறுகிறது. இரண்டையும் ஒரே பொத்தானில் வைக்கும் மென்பொருளைச் சந்தேகியுங்கள்.

எதை அனுப்பினாலும் அதே மாதிரி எண்ணைத் தாங்கியே போக வேண்டும். மாறிய வரியை மட்டும் அனுப்புவதா, முழு அறிக்கையையும் திரும்ப அனுப்புவதா என்பதைப் பதிவேட்டுடன் எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். முழுவதையும் அனுப்பிப் பழையதை மாற்றிக்கொள்ளச் சொல்வதுதான் பாதுகாப்பு. ஹெர்2 மட்டும் வந்த செய்தியைப் புதிய நோயாளியாக எண்ணிவிட்டால் ஒரு புற்றுநோய் இரண்டாகிவிடும்.

பேத்தாலஜிஸ்டின் நேரம்

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு, "பத்தியாகச் சொல்லித் தட்டச்சு செய்யச் சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும்" என்பது. அதை வெறும் சோம்பல் என்று தள்ளக் கூடாது. கண் மைக்ராஸ்கோப்பில் இருக்கும்போது சுட்டியைத் தேடுவது உண்மையிலேயே தொல்லை. கேள்விகளின் வரிசை ஸ்லைடு பார்க்கும் வரிசைக்கு ஒத்துப்போக வேண்டும். விசைப்பலகையிலேயே முழுவதையும் நிரப்ப முடிய வேண்டும். மாதிரியை வெட்டி அளக்கும் கிராசிங் மேசையில் பதிந்த அளவு, பக்கம், எடை எல்லாம் தானாக வந்து நிற்க வேண்டும். பேத்தாலஜிஸ்ட் சரிபார்த்தால் போதும். இதைச் செய்யாமல் சுற்றறிக்கை மட்டும் அனுப்பினால், எல்லாரும் "மற்றவை"யைத் தேர்ந்தெடுத்துப் பழையபடி பத்தி எழுதுவார்கள்.

சோதனை

நிஜ நோயாளியின் பெயரில் சோதனை செய்யாதீர்கள். கற்பனை நோயாளிகளை உருவாக்கி, வேண்டுமென்றே சிக்கலான அறிக்கைகளை எழுதுங்கள்: இரண்டு கட்டிகள், கணுவே இல்லாத மாதிரி, பாதியில் மாற்றிய பதில், மிக நீளமான குறிப்பு, திருத்த அறிக்கை. குறிப்பில் |, ^, & ஆகிய குறிகளைப் போட்டுப் பாருங்கள். எச்எல்7-ல் இவை புலங்களையும் அவற்றின் உட்பகுதிகளையும் பிரிக்கும் குறிகள். மென்பொருள் இவற்றைச் சரியாக மாற்றி அனுப்பவில்லை என்றால் அந்த இடத்தில் செய்தி உடைந்து, மிச்சப் பதில்கள் இடம் மாறிப் போய் உட்காரும்.

பிறகு இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருவர் ஆய்வகத் திரையையும் மற்றவர் பதிவேட்டுத் திரையையும் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். சலிப்பான வேலைதான், இதற்குக் குறுக்குவழி இல்லை. "ஏஏ" என்று ஒப்புகை வந்துவிட்டதே என்பார்கள். செய்தியை வாங்கிக்கொண்டதற்குத்தான் அது சான்று. சரியாகப் புரிந்துகொண்டதற்கு அல்ல.

எந்த அறிக்கைகள் போக வேண்டும் என்ற வடிகட்டியையும் இதே நேரத்தில் சோதியுங்கள். பட்டியல் பதிவேட்டுடையதாக இருக்கட்டும். பரவாத நிலையிலுள்ள சில புற்றுகளையும், சில இடங்களில் மூளையின் தீங்கற்ற கட்டிகளையும்கூடக் கேட்பார்கள். தேவைக்கு மேல் நோயாளி விவரம் போகக் கூடாது. போகும் பாதை மறையாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். நேரடி ஓட்டம் தொடங்கிய பிறகு மாதந்தோறும் கையெழுத்தான புற்றுநோய் அறிக்கைகள், அனுப்பிய செய்திகள், பதிவேட்டில் ஏறியவை ஆகிய மூன்று எண்ணிக்கைகளையும் ஒப்பிடுங்கள். ஏதாவது ஒன்று குறைந்தால் அன்றே தேடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் பதிவுக்கோப்புகளே அழிந்திருக்கும்.

கேள்விப் பட்டியல் மாறும்போது

பட்டியல்கள் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்; அதற்கென்று ஒருவரை நியமித்து வையுங்கள். புதிய பதிப்பு வந்ததும் எது மாறியது என்று பேத்தாலஜிஸ்டுகளுக்கு ஒரு பக்கத்தில் சொல்லுங்கள். இணைப்பு அட்டவணையைத் திருத்தி, கற்பனை நோயாளிகளை மறுபடி ஓட்டுங்கள். இன்ன தேதியில் மாறப்போகிறோம் என்று பதிவேட்டுக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். பழைய பதிப்பில் தொடங்கிய அறிக்கையைப் பழைய பதிப்பிலேயே முடிக்க விடுங்கள். பாதியில் படிவம் மாறினால் நிரப்பிய பதில்கள் தொலையும். கையெழுத்தான பழைய அறிக்கைகளைப் புதிய பதிப்புக்கு மாற்றி எழுத யாரையும் அனுமதிக்காதீர்கள். அவற்றை அவற்றின் பதிப்பு எண்ணோடு அப்படியே வைத்துவிட்டு, ஒப்பீடு தேவைப்படும் ஆய்வாளருக்கு இரு பதிப்புகளையும் இணைக்கும் அட்டவணையைக் கொடுங்கள்.